கணக்குக்குப் புத்தகம்: கொங்கு நாட்டுச் சுயநிதிக் கல்லூரி நூலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் நூலகத்தில், பல்கலைக்கழக இணைப்பு தருவதற்கு முன் கல்லூரியைச் சோதிக்கும் குழு வருவதற்கு முந்தைய சில வாரங்களில் நடந்ததே இந்த ஆய்வின் பொருள். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நூலகர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். நானும் அதே தொழிலில், அதே பக்கத்தில் இருப்பவன். அவர் சம்மதத்தோடு பதிவேடுகளைப் பார்த்து, அவரிடமும் அட்டெண்டர் அக்காவிடமும் பேசி எழுதியது இது. இதில் நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணத்தில் ஓடும் கல்லூரியில் நூலகத்துக்குப் பணம் வருவது இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தைய ஒன்றிரண்டு மாதத்தில்தான். அந்தப் பணம் உருப்படியாகச் செலவாகுமா என்பது, அது வருவதற்கு வெகு முன்பே நூலகர் செய்து வைத்திருக்கும் வேலையைப் பொறுத்தது.

பின்னணி

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், வழி திறந்தது. கொங்கில் நூற்பாலை, லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, கோழிப்பண்ணை என்று பல தொழில்களில் சேர்ந்த பணம் அதற்குப் பிறகு கல்வி அறக்கட்டளைகளுக்குள் வந்தது. சட்டப்படி இவை எதுவுமே லாபத்துக்கு நடப்பவை அல்ல. டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: நிறுவனம் வளர நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது. உபரி எங்கே முடிகிறது, லாபம் எங்கே தொடங்குகிறது என்பது ஆடிட்டருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. நூலகருக்குத் தெரிந்த கணக்கு வேறு. அட்மிஷனைக் கூட்டும் செலவுக்குக் கேட்ட அன்றே செக் வரும். பஸ்ஸுக்குப் புது பெயிண்ட், பேப்பரில் விளம்பரம், முகப்பில் கண்ணாடிக் கட்டடம். நூலகம் அந்த வரிசையில் இல்லை. பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனார் ஹாஸ்டலைப் பார்ப்பார், மெஸ் சாப்பாட்டைக் கேட்பார், பிளேஸ்மென்ட் எத்தனை என்பார். "லைப்ரரில எத்தன புஸ்தகமுங்க இருக்குது?" என்று கேட்ட பெற்றோர் ஒரே ஒருவர்தான் இந்த நூலகருக்கு நினைவில் இருக்கிறார். அவர் பள்ளிக்கூட வாத்தியார்.

இந்தக் கல்லூரியின் சேர்மன் ரிக் வண்டித் தொழிலில் இருந்து வந்தவர். முதலில் பாலிடெக்னிக், பிறகு பொறியியல் கல்லூரி, அதன்பின் அதே வளாகத்தில் கலை அறிவியல் கல்லூரி. மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நிறைய.

நூலகர் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். நூலக அறிவியலில் எம்.எல்.ஐ.எஸ். முதுகலை படித்து, மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்வும் முடித்தவர். கல்லூரி நூலகருக்கு உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதிய நிலையைத்தான் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்திருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்கச் சம்பளம் 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரியில் அந்த எண் சுற்றறிக்கையிலேயே நின்றுவிடும். இங்கே அவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்பதே நாளுக்கு ஒன்றாக மாறும். விடுமுறை என்றால் நான்-டீச்சிங், தேர்வு மேற்பார்வை என்றால் டீச்சிங். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதன்கூட 1924இல் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது சம்பளம் கூடுதல் என்பதால்தான். போன சில நாளிலேயே சலித்துப்போய்த் திரும்பி வரப் பார்த்தார் என்பதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் பரீட்சையில் எழுதிய எங்களுக்கு இந்தக் கதை விதிகளைவிட அடிக்கடி ஞாபகம் வரும்.

நூலகர் பார்க்கும் வேலை

காலையில் கதவு திறந்ததும் செய்தித்தாள்களுக்கு முத்திரை, பிறகு புத்தகம் கொடுத்து வாங்குவது. இது வேலையில் சிறு பங்குதான்.

செமஸ்டர் முடிவில் நோ டியூ. நூலகத்தில் பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட் கைக்கு வரும். புத்தகம் எல்லாம் திருப்பிக் கொடுத்த பையனுக்குக்கூட, "ஃபீஸ் கட்டலை, சைன் போடாதீங்க மேடம்" என்று அலுவலகத்திலிருந்து போன் வரும். ஃபீஸ் வசூலுக்கு நூலகம் ஒரு சுங்கச்சாவடி ஆகிவிடுகிறது. இந்த நூலகர் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார். நூலகக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிடுவார். ஃபீஸ் பாக்கி என்றால் அதை அக்கவுண்ட்ஸ் கட்டத்தில் அவர்களே நிறுத்திக்கொள்ளட்டும் என்பார். சின்ன விஷயம்தான். ஆனால் தன் கையெழுத்து எதற்கு, எதற்கில்லை என்ற தெளிவு அவருக்கு அப்போதே இருந்தது. பின்னால் வரும் நிகழ்வில் அதுதான் கைகொடுத்தது.

கோடையில் அட்மிஷன் வேலை. பிளஸ் டூ ரிசல்ட் வரும் முன்பே ஊழியர்களுக்கு ஏரியா பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். பேராசிரியர், லேப் அசிஸ்டென்ட், நூலகர் என்று பேதமில்லை. ஆளுக்கு இத்தனை சீட் என்று டார்கெட். இவருக்கு அந்தியூர், பவானிப் பக்கம். கல்லூரி வேனில் நான்கு பேராகப் போய், ஒவ்வொரு வீடாகத் திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, பிள்ளையின் மார்க்கைக் கேட்டு, பிராஸ்பெக்டஸ் கொடுத்து வர வேண்டும். அந்த வெயிலில், நூலகத்தில் புத்தகங்களை எண்ணிச் சரிபார்ப்பு நடக்க வேண்டிய காலம் கழிந்துவிடும். ஒன்று மட்டும் நன்மை. அந்த வீடுகளில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இருக்கிறதா இல்லையா என்று நேரில் பார்த்துவிட்டு வருபவருக்கு, ஜூலையில் நூலக வாசலில் தயங்கி நிற்கும் பையனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

நிகழ்வு

மெக்கானிக்கலிலும் சிவிலிலும் சேர்க்கை சரிந்ததும் நிர்வாகம் செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் பாடப்பிரிவு தொடங்க முடிவெடுத்தது. புதிய பிரிவு என்றால் அதற்கென நூலகத்தில் இத்தனை தலைப்பு, இத்தனை பிரதி என்று கணக்குக் காட்ட வேண்டும். தலைப்பு என்பது தனித்தனி நூல். ஒரே நூலின் பத்துப் பிரதி இருந்தாலும் தலைப்பு ஒன்றுதான். எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய நிர்வாகத்துக்குத் தலைப்பு முக்கியம்: தலைப்புக்கு ஒரு பிரதியாக வாங்கிக் குவித்தால் கணக்கு சீக்கிரம் நிறையும். மாணவருக்குப் பிரதி முக்கியம்: அறுபது பேர் படிக்கும் வகுப்பில் ஒரு நல்ல புத்தகம் ஒரே பிரதி இருந்தால் அது முதல் பெஞ்சில் ஒருவனிடம் செமஸ்டர் முழுக்க இருக்கும். கல்லூரி நூலகத்தில் நடக்கும் சண்டை பாதிக்கும் மேல் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எவ்வளவு குறைகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் செய்த முதல் வேலை, கடைக்காரருக்குப் போன் போடாமல் இருந்தது. இருக்கும் அலமாரிகளில் புதிய பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை நடந்தார். நிகழ்தகவு, புள்ளியியல், டேட்டாபேஸ், பைத்தான், நேரியல் இயற்கணிதம் எல்லாம் கணினித் துறைப் பெயரிலும் கணிதப் பெயரிலும் ஏற்கெனவே இருந்தன. பொதுவாகப் பயன்படுபவற்றை முறையாகப் பட்டியலிட்டதும் பற்றாக்குறை கணிசமாகக் குறைந்தது. அப்படியும் மீதி இருந்தது.

இங்கேதான் கல்லூரியின் நிர்வாக அலுவலர், ஏ.ஓ., ஒரு யோசனை சொன்னார். வளாகத்துக்குள்ளேயே கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே பி.சி.ஏ., கணினி அறிவியல் புத்தகங்கள் இருக்கின்றன. சாயங்காலம் வேனில் கொண்டுவந்து அடுக்கி, நம் முத்திரையைக் குத்தி, பதிவேட்டு வரிசை எண்ணான அக்செஷன் நம்பர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடலாம். "எல்லா பக்கமும் நடக்கறதுதானுங் மேடம்" என்றாராம். பொய்யில்லை. ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்த விவகாரம், 2024இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்து ஊர் முழுக்கத் தெரிந்தது. ஆளையே அப்படிக் காட்டியவர்களுக்குப் புத்தகம் எம்மாத்திரம்.

நூலகர் மறுத்தது புத்தகம் வருவதை அல்ல, பதிவேட்டில் ஏறுவதை. அக்செஷன் ரிஜிஸ்டரை வெளியாட்கள் ஒரு சாதாரணப் பேரேடு என்று நினைப்பார்கள். கெட்டி அட்டை, பக்கத்துக்கு எண் அச்சிட்டது. ஒரு வரிக்கு ஒரு பிரதி: தேதி, அக்செஷன் எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, பதிப்பகம், விலை, கடைக்காரர் பெயர், பில் எண், பில் தேதி, கடைசியில் குறிப்பு. எண் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். புத்தகம் தொலைந்தாலும் கிழிந்தாலும் அந்த எண் வேறு நூலுக்குப் போகாது. குறிப்புக் கட்டத்தில் எழுதி மூட வேண்டும். வெள்ளை மை போட முடியாது, இடையில் தாள் செருக முடியாது. பில் எண் இல்லாத வரி தனியாகக் கண்ணில் குத்தும். கலைக் கல்லூரிப் புத்தகத்துக்கு இவர் எந்த பில் எண்ணைப் போடுவார்? அங்கே ஏற்கெனவே ஓர் எண், ஒரு முத்திரை, உள்ளே ஒரு ரகசியப் பக்கத்தில் இன்னொரு முத்திரை. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் தேசிய அமைப்பான நாக்கின் தரமதிப்பீட்டில் நான்காம் அளவுகோலின் கீழ் நூலகச் செலவைத் தணிக்கை செய்த கணக்கோடு காட்ட வேண்டியிருக்கும்; அன்றைக்கு இந்த வரிகள் எல்லாம் வாய் திறந்து பேசும். கீழே கையெழுத்து நூலகருடையது.

ஏ.ஓ.விடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் சேர்மனிடமே போனார். சேர்மனுக்குப் புத்தகம் ஒரு சரக்கு. "அம்மிணி, எத்தன வேணும்னு சொல்லு, லாரில எறக்கிப் போட்டர்றேன்" என்பவர். தணிக்கை, நாக் என்று விளக்கினால் ஏ.ஓ. பார்த்துக்கொள்வார் என்று முடித்துவிடுவார் என்பது இவருக்குத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: "ஏனுங்கய்யா, ஒரே ஆர்.சி. புக்குல ரெண்டு ரிக் வண்டி ஓட்டலாமுங்களா?"

சேர்மன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு சிரித்துவிட்டு, "புடிச்சா ரெண்டு வண்டியும் போயிருமல்லோ" என்றாராம். அன்றே ஏ.ஓ.வைக் கூப்பிட்டு கொட்டேஷன் வாங்கச் சொல்லிவிட்டார். இந்தக் கேள்வியை அவர் யோசித்து வைத்துக்கொண்டு போனாரா, வாயில் வந்ததா என்று கேட்டேன். பவானிப் பக்கம் அட்மிஷன் வேலையாகப் போனபோது ஒரு லாரிக்காரர் வீட்டில் ஆர்.டி.ஓ. பிடித்த கதையைக் கேட்டதுதான் உதவியது என்றார்.

இல்லை நோட்டு

பணம் வந்துவிட்டது. ஆனால் அவகாசம் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் மோசமான புத்தகங்கள் உள்ளே வரும். அச்சிட்ட விலை எக்கச்சக்கம், தள்ளுபடியும் எக்கச்சக்கம்; அட்டையில் செயற்கை நுண்ணறிவு, உள்ளே நாலு அத்தியாயம் மேலாண்மைப் பாடம். ஒரே சரக்கு மூன்று அட்டையில் மூன்று தலைப்பாக வரும். பட்டியல் கையில் இல்லாத நூலகர், கடைக்காரர் அனுப்பும் எக்ஸெல் ஷீட்டில் டிக் அடித்துக் கொடுத்துவிடுவார். எண்ணிக்கை நிறையும், அலமாரி நிறையும். 006.3 என்ற வகைப்பாட்டு எண்ணின் கீழ் ஒரு வரிசையே நிற்கும், ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

இவரிடம் பட்டியல் இருந்தது. கவுண்ட்டர் மேசையில் நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டெண்டர் அக்கா அதற்கு வைத்த பெயர் "இல்லை நோட்டு". யாராவது கேட்டு, இல்லை என்று பதில் சொன்ன ஒவ்வொரு புத்தகமும் அதில் ஏறும். அக்காவின் எழுத்திலேயே இருப்பதால் தலைப்புகள் காதில் விழுந்தபடி இருக்கும். "பைத்தான், தமிழ்ல இருக்கா." "டிஸ்கிரீட் மேத்ஸ் லோக்கல் ஆத்தர், 3 பேர்." "கேட் சிவில்." "குரூப் ஃபோர், சமச்சீர் புக் செட்." "தமிழர் மரபு, முதல் வருசம் எல்லாரும்." கடைசியாகச் சொன்னது, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதலாண்டுக்கு வந்த பாடம். வகுப்பில் நடத்துகிறார்கள், நூலகத்தில் படிக்க ஒன்றுமில்லை என்பது இந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது.

இந்த நோட்டும் துறைத்தலைவர்கள் தந்த பாடத்திட்டப் பட்டியலும் சேர்ந்து அவருடைய கொள்முதல் பட்டியல். நிர்வாகத்தோடு பேரம் நடந்தது. தலைப்புக் கணக்குக்காக ஒரு பகுதியை ஒற்றைப் பிரதியாக வாங்க அவர் ஒத்துக்கொண்டார். மீதியை நோட்டில் இருப்பவற்றில், கூடுதல் பிரதிகளாக வாங்க நிர்வாகம் ஒத்துக்கொண்டது. இந்தச் சமரசம் சிலருக்குப் பிடிக்காது. எனக்குச் சரியாகவே படுகிறது. அலமாரியில் பாதியாவது கை படும் புத்தகமாக இருப்பது, முழுக்கக் கை படாத புத்தகமாக இருப்பதைவிட மேல்.

லோக்கல் ஆத்தர் புத்தகங்களை, அதாவது இந்தப் பக்கத்து ஆசிரியர்கள் பரீட்சைக்கென எழுதும் நூல்களை, வாங்கியதில் துறைத்தலைவர் ஒருவருக்கு வருத்தம். தரமான பன்னாட்டுப் பதிப்பு இருக்கும்போது கேள்வி-பதில் புத்தகம் எதற்கு என்றார். தமிழ்வழியில் படித்து வந்த பெண் முதல் செமஸ்டரில் எண்ணூறு பக்க ஆங்கில நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தால், அடுத்த முறை அவள் நூலகத்துக்கே வர மாட்டாள். லோக்கல் ஆத்தரில் தொடங்கியவர்களில் சிலர் மூன்றாம் ஆண்டில் அந்தப் பெரிய நூலைக் கேட்டு வந்திருக்கிறார்கள். வழங்கல் பதிவில் பார்த்தேன். எல்லோரும் வருவார்கள் என்று நானும் சொல்லவில்லை.

குழு வந்த நாள்

குழுவினர் நூலகத்தில் இருந்தது கொஞ்ச நேரம்தான். அக்செஷன் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள், ஒரு வரியைத் தொட்டு அதன் பில்லைக் கேட்டார்கள், அதே புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்து வந்தார். பிறகு கேட் ரிஜிஸ்டர், வாசலில் இருக்கும் வருகைப் பதிவேடு. அதற்கு முந்தைய வாரம் அலுவலகத்தில் இன்னொரு யோசனையும் வந்திருந்தது: பழைய மாதங்களின் வருகைப் பதிவை இரண்டு மூன்று பேனாவில், வேறு வேறு கையெழுத்தில் நிரப்பிவிடலாம் என்று. அது தேவைப்படவில்லை. நூலகர் முந்தைய ஆண்டே கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவியிருந்தார். நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதி 2000இல் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள். உரிமத்துக்குக் காசு கிடையாது. லேபில் ஒதுக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை கணினித் துறை மாணவர்கள் சர்வராக மாற்றிக் கொடுத்தார்கள். அடையாள அட்டையின் பார்கோடு வாசலில் படிப்பதற்கு ஓர் எளிய வசதியும் சேர்ந்தது. வருகை எண்ணிக்கை பெருமைப்படும்படி இல்லை. ஆனால் உண்மை எண். குழு அதை எழுதிக்கொண்டு போனது.

காணாமல் போனவை

இன்ஸ்பெக்ஷன் சூடு அடங்கியதும் வேறொரு தலைவலி. சரிபார்ப்பில் சில புத்தகங்கள் காணவில்லை. விலையைக் கூட்டி நூலகர் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி அலுவலகக் குறிப்பு வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் இது சாதாரணமாக நடப்பது. பலர் சத்தமில்லாமல் கட்டிவிடுவார்கள், சொந்தக் காசில் பழைய புத்தகம் வாங்கி வைப்பவர்களும் உண்டு.

இவர் பதில் எழுதினார். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215இன்படி, ஓராண்டில் வழங்கிய அல்லது எடுத்துப் பார்த்த 1,000 தொகுதிகளுக்கு 5 வரை காணாமல் போவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம்; நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரிக்க வேண்டும். 20,000 தொகுதி வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, அதற்கு மேல் 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது. இது அரசு நூலகங்களுக்கான விதி, தனியார் அறக்கட்டளையைக் கட்டுப்படுத்தாது. கடிதத்திலேயே அதையும் எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: சரிபார்ப்பு நடக்க வேண்டிய கோடை மாதங்களில் நூலகரும் அட்டெண்டரும் அட்மிஷன் பணியில் இருந்ததால் நூலகம் வேறு ஊழியரின் பொறுப்பில் இருந்தது. இந்த வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். வரம்புக்குள் வந்த இழப்பைத் தள்ளுபடி செய்தார்கள். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒன்றிரண்டு நூல்களுக்கு மட்டும் பாதிப் பணம் பிடித்தார்கள். அதையும் பிடித்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

தீராதவை

2013 ரெகுலேஷன் புத்தகங்களும் 2017 ரெகுலேஷன் புத்தகங்களும் பின்னறையில் அப்படியே நிற்கின்றன. பாடம் மாறிவிட்டது, யாரும் எடுப்பதில்லை. கழித்துவிடலாம் என்றால் எண்ணிக்கை குறையும் என்று நிர்வாகம் விடாது. நூலகங்களை இணைக்கும் வலையமைப்பான டெல்நெட்டின் உறுப்பினர் கட்டணம் தவறாமல் போகிறது, கடவுச்சொல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது, பயன்படுத்துவது முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் சில ஆசிரியர்கள் மட்டும். மாறாக, காசில்லாமல் இணையத்தில் கிடைக்கும், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களுக்கு நூலகக் கம்ப்யூட்டர்களில் இடம் கிடைப்பதில்லை; அசைன்மென்ட் கெடு நாளில் வரிசை வாசலைத் தாண்டும்.

புத்தகங்கள் வந்து, எண் ஏறி, குழு பார்த்துவிட்டுப் போய்விட்டது. கோயம்புத்தூர் கடைக்காரருக்கு மட்டும் பில்லில் ஒரு பகுதி இன்னும் பாக்கி. "மேடம், இன்ஸ்பெக்ஷன்தான் முடிஞ்சுபோச்சுங்களே, இனி எப்பங்க தருவாங்க?" என்று மாதம் ஒருமுறை போன் வருகிறது. ஒவ்வொரு முறையும் இவர் பில் எண்ணும் அக்செஷன் எண்களும் போட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம் ஏ.ஓ.வுக்கு அனுப்பி, நகலைக் கோப்பில் வைக்கிறார். அடுத்து சைபர் செக்யூரிட்டி பிரிவு கேட்கப் போகிறார்கள் என்று வளாகத்தில் பேச்சு இருக்கிறது. அப்போது இதே கடைக்காரரிடம்தான் மறுபடி கடன் கேட்க வேண்டியிருக்கும் என்பதை அந்தக் கடிதங்களில் ஒன்றில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.